ரப்பர் பாலும் நெறிசார் தலைமையும்: எங்கள் சங்கம் எடுத்துக்கொண்ட ஒரு பயிற்சியின் மதிப்பீடு

கன்னியாகுமரி மாவட்டம் திருவட்டாறு வட்டாரத்தில் இயங்கிவரும் எங்கள் ரப்பர் உற்பத்தியாளர் சங்கம், ஷீட் வாங்குவதைக் குறைத்துக்கொண்டு பால் கொள்முதலுக்கு மாறிய சமயத்தில், நாகர்கோவிலில் உள்ள ஒரு பயிற்சி நிறுவனத்திடம் 'மாற்றக் காலத்தில் நெறிசார் தலைமை' என்னும் பயிற்சியைப் பணம் கட்டி எடுத்துக்கொண்டது. உறுப்பினர்களின் சார்பாக அதில் தொடக்கம் முதல் கடைசிவரை அமர்ந்திருந்தவன் என்ற முறையில் இந்த மதிப்பீட்டை எழுதுகிறேன். பாராட்டுவதற்கும் குறை சொல்வதற்கும் சம அளவில் இருப்பதால் நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. கூட்டுறவுச் சங்கங்களுக்கும் மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் இதுபோன்ற பயிற்சிகளை வழங்குவோர் நம் மாவட்டத்தில் வேறு சிலரும் இருக்கிறார்கள். அவர்களில் எவரிடமாவது பணம் கட்டப்போகிறவர்கள் முன்கூட்டியே எதைக் கேட்டுத் தெளிய வேண்டும் என்பதற்கு எங்கள் அனுபவம் உதவும் என்று நம்புகிறேன்.

பயிற்சி எதற்குத் தேவைப்பட்டது என்பது விளங்க, எங்கள் சங்கத்தில் நடந்த மாற்றத்தைச் சொல்லியாக வேண்டும். ஷீட் வியாபாரத்தில் சரக்கின் தரம் கண்ணுக்குத் தெரியும். பாலை ஃபார்மிக் ஆசிட் விட்டு உறையவைத்து, ரோலரில் அழுத்தி, உலர்த்திப் புகையிட்டுக் கொண்டுவரும் விவசாயி, அந்த ஷீட்டை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தால் குமிழி எத்தனை, கறை எத்தனை என்பதைத் தானும் பார்க்கலாம், வாங்குகிறவரும் பார்க்கலாம். நான்காம் தர ஷீட்டுக்குக் கோட்டயத்தில் என்ன விலை என்பதை ரப்பர் வாரியம் நாள்தோறும் வெளியிடுகிறது. ஆக, தகராறு வந்தாலும் இருவரும் ஒரே பொருளைப் பார்த்துத்தான் பேசுவார்கள். பாலில் அப்படியில்லை. கேனில் வந்து சேரும் பாலில் உலர் ரப்பர் எவ்வளவு என்பது வெளியே தெரியாது. பொதுவாக நூற்றுக்கு 30 முதல் 40 வரை இருக்கும். மரத்தின் இனம், வயது, பருவம், மரத்தில் பால் பிடிக்கும் சிரட்டையில் விழுந்த மழைநீர் ஆகியவற்றைப் பொறுத்து அது ஏறும், இறங்கும். தென்மேற்கு, வடகிழக்கு ஆகிய இரு பருவமழைகளும் பெய்யும் நம் மாவட்டத்தில் இந்த ஏற்ற இறக்கத்துக்குக் குறைவே கிடையாது.

டி.ஆர்.சி. என்று எல்லாரும் சொல்லும் அந்த உலர் ரப்பர் விகிதத்தைக் கண்டறிவதற்கு இரண்டு வழிகள் உண்டு. மெட்ரோலாக் என்னும் மிதவைக் கருவியைப் பாலில் இட்டால் அந்த நிமிடமே ஓர் எண் கிடைக்கும். ஆனால் அது தோராயமானது. ஆய்வக முறையில், சிறிதளவு பாலை நுட்பமான தராசில் எடையிட்டு, ஆசிட் விட்டு உறையவைத்து, மெல்லிய தகடாக அழுத்தி, அடுப்பில் எடை மாறாத நிலை வரும்வரை உலர்த்தி, மறுபடியும் எடையிட வேண்டும். முடிவு வருவதற்கு மறுநாள் ஆகிவிடும், எனினும் அது துல்லியமானது. எடையையும் டி.ஆர்.சி.யையும் அன்றைய விலையையும் பெருக்கினால் விவசாயிக்குரிய தொகை வந்துவிடும். 100 கிலோ பாலில் ஒரு சதவீதம் மாறினால் ஒரு கிலோ உலர் ரப்பர் மாறுகிறது. கால் ஏக்கரும் அரை ஏக்கரும் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த ஒரு கிலோ சிறிய விஷயம் அன்று. ஷீட் அடிக்க ஆள் கிடைக்காத காரணத்தால் பாலாகவே விற்கும் முறைக்கு எல்லாரும் மனமுவந்து மாறினோம். ஆனால் அந்த மாற்றத்தோடு, கண்ணால் பார்த்துத் தீர்த்துக்கொண்ட ஒரு வியாபாரம், சங்கத்து ஆய்வகத்தில் இருக்கும் ஒருவர் எழுதும் எண்ணை நம்பி நடக்கும் வியாபாரமாகிவிட்டது.

இனிப் பயிற்சிக்கு வருகிறேன். இலை உதிர்ந்து பால்வெட்டு நின்றிருக்கும் கோடை வாரங்களில் குலசேகரத்தில் ஒரு மண்டபத்தில் இரண்டு முழு நாள் அமர்வுகள்; அதற்குப் பின் ஆறு மாதங்களுக்கு மாதம் ஒரு தொடர் சந்திப்பு. இயக்குநர்கள், அலுவலகப் பணியாளர்கள், கொள்முதல் நிலையத்தில் நிற்பவர்கள், ஆய்வக உதவியாளர்கள், உறுப்பினர் பிரதிநிதிகள் என எல்லா மட்டத்தினரையும் ஒரே அறையில் உட்காரவைக்க வேண்டும் என்பது நிறுவனத்தின் நிபந்தனை. கட்டணம் எங்கள் பணியாளர் ஒருவரின் ஒரு மாதச் சம்பளத்தைவிடச் சற்று அதிகம். மண்டபமும் சாப்பாடும் குறை சொல்லும்படி இல்லை.

முதல் நாள் காலை முழுவதும் கருத்து விளக்கம்தான். ஜேம்ஸ் ரெஸ்ட் என்ற அமெரிக்க உளவியலாளர், ஒருவர் அறவழியில் செயல்படுவதற்கு நான்கு கூறுகள் வேண்டும் என்று வகுத்திருக்கிறார்: இங்கே ஒரு நெறிச்சிக்கல் இருக்கிறது என்று முதலில் கண்ணில் பட வேண்டும், எது சரி என்று தீர்மானிக்க வேண்டும், லாபம், உறவு, பதவி ஆகியவற்றுக்கு மேலாக அதற்கு இடம் கொடுக்க வேண்டும், எதிர்ப்பு வந்தாலும் செய்து முடிக்கும் உறுதி வேண்டும். பயிற்றுநர் இதை நிதானமாக, நம் ஊர்ப் பேச்சிலேயே விளக்கினார். பின்னர் அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் 2016இல் வெளிச்சத்துக்கு வந்த விவகாரத்தைச் சொன்னார். வாடிக்கையாளர் ஒவ்வொருவருக்கும் எட்டுச் சேவைகளை விற்க வேண்டும் என்று மேலிடம் இலக்கு வைத்ததும், அதை எட்ட முடியாத பணியாளர்கள் வாடிக்கையாளருக்குத் தெரியாமலேயே கணக்குகளைத் திறந்ததும், வங்கி ஏறத்தாழ 5,300 பேரை வேலையை விட்டு நீக்கி, 18.5 கோடி டாலர் அபராதம் கட்டியதும் விரிவாகக் கூறப்பட்டன. இலக்கு வைத்தவர்கள் பல ஆண்டுகளாக அங்கே எதையும் கேட்காமல் இருந்ததையும், தண்டனை முதலில் கீழே நின்றவர்கள் தலையில் விழுந்ததையும் அவர் அழுத்திச் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. தூரத்து வங்கியின் கதையைக் கேட்கும்போது அறையில் எல்லாரும் எளிதாகத் தலையாட்டினார்கள். தமிழ்நாட்டில் 2021இல் கூட்டுறவு நிறுவனங்களில் 5 பவுனுக்கு உட்பட்ட நகைக்கடன் தள்ளுபடி அறிவிக்கப்பட்டபோது நடந்த ஆய்வில் வெளிவந்த முறைகேடுகளை அவர் எடுத்துக்கொண்டிருந்தால் விவாதம் இன்னும் சூடாகவும் நெருக்கமாகவும் இருந்திருக்கும்.

இந்தப் பயிற்சிக்குக் கொடுத்த பணம் தகும் என்று நான் சொல்வதற்குக் காரணம் முதல் நாள் பிற்பகலில் நடந்த ஒரு பயிற்சிப் பணிதான். மாற்றத்துக்கு முன்பிருந்து தொடரும் வழக்கங்களில் இப்போதும் செய்துகொண்டிருக்கும் ஒன்றை ஒவ்வொருவரும் எழுத வேண்டும். அது எப்போது, எதற்காக வந்தது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும். பெரும்பாலானோர் வருகைப் பதிவேடு, கேன் கழுவும் நேரம் என்று எழுதினார்கள். ஆய்வகத்தில் வேலைசெய்யும் ஒரு பெண்மணி தம் தாளைப் பார்த்தபடியே எழுந்து நின்று கேட்டார்: "சார், டி.ஆர்.சி. முப்பத்து மூணு புள்ளி எட்டுன்னு வந்தாலும் ரெஜிஸ்டர்ல முப்பத்து மூணுன்னுதான் எழுதுதோம். மெட்ரோலாக் வச்சிருந்த காலத்துல இருந்தே அப்படித்தான். அந்தப் புள்ளி எட்டு யாருக்குப் போவுது?"

அறையில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. மெட்ரோலாக் காலத்தில் அந்த வழக்கத்துக்கு ஒரு நியாயம் இருந்தது. கருவியே தோராயம் என்றபோது அதன் பின்னத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குவதில் பொருளில்லை. கூடவும் குறையவும் போய்ச் சராசரியாகிவிடும் என்பதே எல்லாரின் எண்ணம். ஆய்வகம் வந்த பிறகு பின்னம் துல்லியமாகத் தெரியத் தொடங்கியது. அப்போதும் அதை எப்போதும் கீழ்நோக்கியே வெட்டி எழுதினால், 100 கிலோ பால் ஊற்றிய விவசாயிக்கு அந்த ஒரு நாளில் 800 கிராம் உலர் ரப்பரின் விலை கிடைக்காமல் போகிறது. சங்கத்தில் யாரும் திருடவில்லை. யாரும் அப்படி எழுதச் சொல்லித் தீர்மானமும் போடவில்லை. கருவி மாறியது, வழக்கம் மாறவில்லை. நேற்றுவரை பிழையில்லாமல் இருந்த ஒன்று, அதே உருவத்தில், இன்று உறுப்பினருக்கு இழைக்கும் அநீதியாகிவிட்டது. ரெஸ்ட் சொன்ன நான்கில் முதல் கூறே இங்கே இல்லாமல் போயிருந்தது. எது சரி என்பதில் எவருக்கும் ஐயமில்லை; சிக்கல் இருப்பதே கண்ணில் படவில்லை. நிறுவனங்கள் மாறும்போது நெறி எங்கே வழுக்குகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கத்தை நான் எங்கும் படித்ததில்லை.

அடுத்து நடந்தது தலைவரின் செயல். "இது சின்ன விஷயம், அலுவலகத்தில் பேசிக்கொள்ளலாம்" என்று அவர் தள்ளியிருக்கலாம். கணக்காளரைப் பார்த்துக் கடுமையாக ஏதாவது சொல்லியிருக்கலாம். அவர் எழுந்து, ஆய்வகம் தொடங்கும்போது பழைய பதிவு முறையை மறுபடி பார்க்காமல் விட்டது நிர்வாகக் குழு என்றும், குழுவின் தலைவர் என்ற முறையில் அதற்குத் தாமே பொறுப்பு என்றும் சொன்னார். ஆய்வகம் தொடங்கிய நாள் முதல் உள்ள சோதனைக் குறிப்பேட்டைக் கொண்டு நிலுவையைக் கணக்கிட்டு உறுப்பினர்களுக்குக் கொடுக்கும் தீர்மானத்தை அடுத்த குழுக் கூட்டத்தில் வைப்பதாகவும் கூறினார். அப்படியே வைக்கவும் செய்தார். கேள்வி கேட்ட பெண்மணிக்கு அந்த அறையிலேயே நன்றி சொன்னார். பயிற்றுநர் அந்த இடத்தில் குறுக்கிடாமல் அமைதியாக இருந்தது அவருடைய தேர்ச்சியைக் காட்டியது. அன்று மாலை கொள்முதல் நிலையத்து இளைஞர்கள் தங்கள் தாள்களை மறுபடி எடுத்து வேறு விஷயங்களை எழுதத் தொடங்கினார்கள்: தராசின் எண் விவசாயி பக்கம் தெரியாமல் திரும்பி நிற்பது, மழை நாளில் மாதிரிப் பாலை கேனைக் கலக்காமல் மேலாக எடுப்பது, மரத்தில் பால் வெட்டும் வெட்டுக்காரர் கொண்டுவரும் பாலுக்கான சீட்டைத் தோட்டக்காரர் பெயரில் மட்டும் போடுவதால் பங்குக்கு வெட்டுகிறவர் தம் கணக்கைச் சரிபார்க்க முடியாமல் போவது. அதிகாரம் உள்ளவர் தம் முடிவைக் கேள்விக்கு உட்படுத்திக் காட்டிய பின்னரே மற்றவர்களுக்கு வாய் திறந்தது. நெறிசார் தலைமை என்ற தலைப்பில் அந்த இரண்டு நாளில் சொல்லப்பட்ட எல்லாவற்றையும்விட எங்கள் பணியாளர்கள் கற்றுக்கொண்டது இந்த நிகழ்விலிருந்துதான் என்பதில் எனக்கு ஐயமில்லை.

இரண்டாம் நாள் பயிற்றுநர் இதை கிறிஸ் ஆர்கிரிஸ் என்ற அமெரிக்க மேலாண்மை அறிஞரின் கருத்தோடு இணைத்தார். பிழை நேரும்போது அந்தப் பிழையை மட்டும் திருத்துவது ஒரு வகைக் கற்றல். அந்தப் பிழையைப் பிறப்பித்த விதியையே எடுத்துப் பார்த்து மாற்றுவது மற்றொரு வகை என்று 1970களில் அவர் எழுதிவந்தார். நிலுவையைக் கொடுப்பது முதல் வகையோடு நின்றுவிடும். இனி எந்தக் கருவியை, மென்பொருளை, படிவத்தைக் கொண்டுவந்தாலும், அதனால் எந்தப் பழைய வழக்கம் பொருந்தாமல் போகிறது என்று பார்த்துக் குறிக்காமல் அதைத் தொடங்கக்கூடாது என்று விதி வைத்தால் அது இரண்டாம் வகை. எங்கள் சங்கம் அப்படி ஒரு விதியை எழுதிக்கொண்டது. அதன் வாசகத்தை அமைத்துக் கொடுப்பதில் பயிற்றுநரின் உதவி மிகச் சிறப்பாக இருந்தது.

இனிக் குறைகள். முதலாவதும் பெரியதுமான குறை, தலைவரைத் தவிர இயக்குநர்களில் பலர் முதல் நாள் மதியச் சாப்பாட்டோடு எழுந்து போனபோது பயிற்றுநர் அதைத் தடுக்கவில்லை என்பது. எல்லாரும் உட்கார வேண்டும் என்று நிபந்தனை வைத்த நிறுவனம், கட்டணம் கொடுப்பவர்கள் அவர்கள் என்பதால் அங்கே தளர்ந்துவிட்டது. புள்ளி எட்டைப் பற்றிய பேச்சு அந்தப் பிற்பகலில்தான் நடந்தது. அதைக் கேட்காத இயக்குநர்கள், நிலுவைத் தீர்மானம் குழுவுக்கு வந்தபோது, "பயிற்சிக்குப் போய்ச் செலவை இழுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள்" என்று வருத்தப்பட்டார்கள். தீர்மானம் நிறைவேறியது, ஆனால் தலைவர் அதற்காகத் தனியாக ஒவ்வொருவரிடமும் போய்ப் பேச வேண்டியிருந்தது. பணியாளர்களுக்கு மட்டும் நெறி கற்பிக்கும் பயிற்சி, அவர்களைக் கேள்வி கேட்கத் தூண்டிவிட்டு, அந்தக் கேள்வியைத் தாங்க ஆயத்தமில்லாத மேலிடத்தின் முன் நிறுத்திவிடும். இதை எந்தப் பயிற்சி நிறுவனமும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக்கூடாது.

இரண்டாவது குறை, நில அடையாளப் பதிவைப் பற்றியது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய காடழிப்புக்கு எதிரான சட்டத்தில் ரப்பரும் ஒரு பொருள். அந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்ததும், 2020 டிசம்பர் 31க்குப் பின் காடழித்த நிலத்திலிருந்து வந்த சரக்கு அங்கே நுழைய முடியாது. எந்த நிலத்தில் விளைந்தது என்பதற்கு அட்சரேகை, தீர்க்கரேகை கொடுக்க வேண்டும். 4 ஹெக்டேருக்கு உட்பட்ட நிலமாக இருந்தால் ஒரு புள்ளி போதும், அதற்கு மேற்பட்டால் எல்லைக்கோடு வேண்டும். சிறு விவசாயிகளின் தோட்டங்களைப் பதிவுசெய்யும் வேலை சங்கங்களின் மேல் வந்து சேர்கிறது. பயிற்சியில் ஓர் இளைஞர், தோட்டத்துக்குப் போகாமல் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்துப் புள்ளி குத்தினால் தவறா என்று நேரடியாகவே கேட்டார். நேர்மையான கேள்வி அது. பேச்சிப்பாறைப் பக்கத்துச் சரிவுகளிலும் கடையால் பக்கத்து ஒற்றையடிப் பாதைகளிலும் ஒரு நாளைக்கு எத்தனை தோட்டம் ஏறி இறங்க முடியும் என்பது அவருக்குத் தெரியும். எத்தனை முடிக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பதும் தெரியும். பயிற்றுநர், உண்மையாக இருக்க வேண்டும் என்று பொதுவாக நாலு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டார். முந்தைய நாள் காலையில் அவரே விரித்துச் சொன்ன வங்கியின் கதை அப்படியே எங்கள் அறையில் வந்து நின்றது: செய்ய முடியாத இலக்கு, அதை எட்டப் பொய்யான பதிவு, பிடிபட்டால் கீழே இருப்பவருக்குத் தண்டனை. இலக்கு வைத்தவரை நோக்கி அந்தக் கேள்வியைத் திருப்பியிருக்க வேண்டிய இடம் அது. பக்கத்து நிலத்தில் குத்திய ஒரு புள்ளியால் நாளை ஒரு விவசாயியின் சரக்கு நிராகரிக்கப்பட்டால், அதற்கு அந்த இளைஞரை மட்டும் பொறுப்பாக்குவது நியாயமாகாது. தம் நிலத்தின் விவரம் எங்கே போகிறது, யார் வைத்திருப்பார்கள் என்று விவசாயியிடம் விளக்கி ஒப்புதல் வாங்குவது பற்றியும் பயிற்சியில் ஒரு சொல் வரவில்லை.

தொடர் சந்திப்புகளில் நல்லது ஒன்றும் குறை ஒன்றும் உண்டு. பணியாளர்கள் தங்கள் வேலையில் நேரும் தவறுகளைத் தாங்களே எழுதிவைக்கும் ஒரு பதிவேட்டை நிறுவனம் அறிமுகப்படுத்தியது. தொடங்கிய இரண்டாம் மாதத்தில் அதில் பதிவுகள் கூடியதைப் பார்த்த இயக்குநர்கள் சிலர், பயிற்சிக்குப் பின் வேலை கெட்டுவிட்டது என்று எண்ணினார்கள். அப்போது பயிற்றுநர், ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க மேலாண்மை ஆய்வாளர் 1990களில் மருத்துவமனைச் செவிலியர் குழுக்களை ஆராய்ந்தபோது, நல்ல தலைமை கொண்ட குழுக்களிலேயே மருந்துத் தவறுகள் அதிகமாகப் பதிவாகியிருந்ததையும், அங்கே தவறுகள் மறைக்கப்படாமல் பேசப்பட்டதே அதற்குக் காரணமாக அவர் கண்டதையும் எடுத்துச் சொன்னார். சரியான நேரத்தில் சொல்லப்பட்ட சரியான விளக்கம் அது. மாதிரியை மேலாக எடுக்கும் பழக்கம் அந்தப் பதிவேட்டின் வழியாகத்தான் ஒழிந்தது. குறை என்னவென்றால், சந்திப்புகளில் பாதியைத் தொலைபேசி வழியாக நடத்தியது. மழைக்காலத்தில் எங்கள் பகுதியில் இணைப்பு அறுந்து அறுந்து வரும். முகம் பார்க்காத இடத்தில் எவரும் மனம்விட்டுப் பேசவும் மாட்டார்கள். நேரில் வருவதாக எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

சிறு குறைகளாக இரண்டைச் சொல்லலாம். கையேடு கடினமான நடையில் இருக்கிறது. கொள்முதல் நிலையத்தில் நிற்பவர்கள் அதைத் திறக்கவே இல்லை. பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு அரைமணி நேரம்கூட ஒதுக்கவில்லை. பத்துப் பேருக்குக் குறைவாக வேலைசெய்யும் இடங்களில் உள்ள பெண்கள் மாவட்ட அளவிலான உள்ளூர்க் குழுவில் முறையிடலாம் என்பது எங்கள் பணியாளர்கள் பலருக்குத் தெரியாமலே இருந்தது. அதை நாங்களே பின்னர் ஒரு நாள் கூட்டிச் சொன்னோம்.

புதிய மென்பொருளுக்கு மாறும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கங்கள், தகப்பனிடமிருந்து பிள்ளைகளுக்குக் கைமாறும் கடைகள், மேலாண்மை மாறும் மருத்துவமனைகள் ஆகியவற்றுக்கு இந்தப் பயிற்சியை நான் பரிந்துரைப்பேன், மேலே இருப்பவர் தம் முடிவைப் பணியாளர்கள் முன்னிலையில் பேசுவதற்குத் தயார் என்றால் மட்டும். அதற்கு அவர் தயாரில்லை என்று முன்னரே தெரிந்தால் பணத்தை மிச்சப்படுத்துங்கள். பேசிய பணியாளர்களுக்கே கெடுதல் வந்து சேரும்.

அடுத்த இலையுதிர் காலத்தில் இதே நிறுவனத்தை மீண்டும் அழைப்பதெனக் குழு முடிவு செய்திருக்கிறது. இயக்குநர்கள் அனைவரும் இரண்டு நாளும் முழுமையாக அமராவிட்டால் பயிற்சியை ஒத்திவைக்க வேண்டும் என்பதையும், நிலப் புள்ளிப் பதிவின் இலக்கு, ஒப்புதல் ஆகியவற்றை ஒரு முழு அமர்வாக நடத்த வேண்டும் என்பதையும் நிபந்தனைகளாகக் கடிதத்தில் எழுதியிருக்கிறோம். முதலாவதை ஒப்புக்கொண்டு பதில் வந்துவிட்டது. இரண்டாவதற்கு, சங்கம் இப்போது வைத்திருக்கும் நாள் இலக்கு என்ன, அதை வைத்தவர் யார் என்று கேட்டு எழுதியிருக்கிறார்கள். அந்தக் கடிதம் வரும் குழுக் கூட்டத்தின் முதல் பொருளாக வைக்கப்படுகிறது.